ஒரு வயிற்றுக்கு ஒரு பசி

மூன்று நாளாக எனக்குப் பசி. சாப்பிட்டால் தீருகிற பசியாக இருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? காலையில் இட்லி, நடுவில் நிலக்கடலை, பிறகு வாழைப்பழம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வயிற்றுக்குள் தள்ளியாயிற்று. மாதக்கணக்கில் இப்படித் தின்று, ரவிக்கைகள் எல்லாம் பிரித்துத் தைத்த பிறகும் இறுக்குகின்றன. வயிறு முட்ட நிறைந்திருக்கும், அதற்குள்ளேயே பசி குடைந்துகொண்டிருக்கும். அனுபவித்தவர்களுக்குத்தான் இந்த அவஸ்தை புரியும். ஏனென்றால் அந்தப் பசி என்னுடையது இல்லை. என் மாமியாருடையது. அவர் சாப்பிட்டால்தான் எனக்கு அடங்கும்.

அவரோ கூடத்தில் உட்கார்ந்து நிதானமாக வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். சொன்னவர் சொந்தப் பசியை மட்டும் கண்டவர். மாமியாரின் பசி வந்தால் பதினொன்றாவதாக மரியாதையும் பறக்கும்.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தார்கள். எண்பதைத் தொடுகிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தொடர வேண்டுமானால் பசிப்பொட்டு கட்டாயம் என்று அந்த வருடம்தான் விதி வந்திருந்தது. என் மாமனார் தண்டபாணி, மாமியார் வளர்மதி, பெரிய மகன் கிஷோர், அவர் மனைவி மோனிஷா, என் கணவர் பிரணவ், நான் என்று குடும்பமே வரிசையில் நின்றோம். மேசைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் பொறுமையாகத்தான் விளக்கினாள்.

"வயசாச்சுன்னா பசி மங்கிரும்க்கா. தாகமும் தெரியாது. நாக்குல ருசி போயிரும். மாத்திரை வேற கசப்பா எரிக்கும், பல்செட் ஆடும். ஒரு டீ, ஒரு பன்னு, அதோட அன்னைக்குப் பொழுது ஓடிரும். பாக்கறதுக்கு நல்லாத்தான் இருப்பாங்க. உள்ளுக்குள்ள சதை கரைஞ்சுட்டே வரும். ஒரு நாள் பாத்ரூம்ல வழுக்கி விழுவாங்க. வழுக்குனதுன்னு நாம டைல்ஸ மாத்துவோம். சத்தில்லாமதான் விழுந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது."

"அதுக்கு இது என்ன பண்ணும்?" என்றேன்.

"பெரியவங்க கைல இந்தப் பொட்டு ஒட்டிருவோம். ரத்தத்துல புரதம், உப்பு, தண்ணி எல்லாத்தையும் அது பாத்துக்கிட்டே இருக்கும். உங்க காதுக்குப் பின்னாடி ஒரு மணி வெப்போம். அங்க குறைஞ்சா இங்க பசிக்கும். அவங்க சாப்பிட்டா உங்களுக்கு அடங்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும்?"

அரசாங்கக் காகிதத்தில் எனக்கு 'ஊட்டத் துணை' என்று பெயர். ஊரில் சுமைதாங்கி மாதிரி 'பசிதாங்கி' என்றார்கள். வீட்டுக்கு வீடு பசிதாங்கியாக ஆனது யார் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். பிரணவ் காற்றாலை பழுது பார்க்கிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். கிஷோர் பெரிய கம்பெனியில் பெரிய வேலை, பசித்தால் அவருக்குக் கணக்கு உதைக்குமாம். நானும்தான் வங்கியில் குறை கேட்கும் மேசையில் நாள் முழுக்க உட்காருகிறேன். அங்கே ஊரார் குறை, வீட்டுக்கு வந்தால் மாமியார் பசி. என் குறையைக் கேட்க எங்கேயும் மேசை போடவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. ஒரு வயிற்றுக்கு ஒரு பசிதான் ஏற்றலாம், இரண்டு ஏற்றினால் ஆள் மயங்கி விழுந்துவிடுவார் என்று நர்ஸ் சொன்னாள். பசிதாங்கியும் பெரியவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது காப்பீட்டு விதி. கோபி ஊரில் ஒன்றாக இருந்த மாமா அத்தை இரண்டு பேரையும் அண்ணன் தம்பி இருவரும் அண்டா குண்டா பிரிக்கிற மாதிரி பிரித்துக்கொண்டார்கள். அம்மா ஈரோட்டில் எங்களோடு, அப்பா கோயமுத்தூரில் அவர்களோடு. அந்த வருடம் ஊரெல்லாம் இப்படித்தான் ஜோடி ஜோடியாகப் பிரிந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் விதிப்படிதான் நடந்தார்கள்.

அத்தையைக் குறை சொல்லவும் வழியில்லை. அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவர் போக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. தட்டைப் போட்டுக் கூப்பிட்டால், "சித்தெ இரு கண்ணு" என்பார். சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்ப்பார். "பசிக்குதா உனக்கு?" என்று கேட்பார். பசிக்கிறது என்று சொன்னால் உட்காரமாட்டார். போகப் போக ஏதோ ஒரு நேரத்தில் பசி தானாக அடங்கும். அதற்குப் பிறகு வந்து உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிடும் முன்பே பசி அடங்குவதாவது? உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். "சில பேருக்கு சிக்னல் முன்ன பின்ன வரும் மேடம், சகஜம்" என்றார்கள். நானும் குறை கேட்கிற மேசைக்காரிதான். ஒன்றும் தெரியாதபோது 'சகஜம்' என்றுதான் நாங்களும் சொல்வோம்.

ஆடி முடிந்த பிறகு நிலைமை முற்றியது. பசி அடங்குவது அபூர்வமாகிவிட்டது. அத்தை ஒரு வேளை சாப்பிட்டால் இரண்டு வேளை தட்டிக் கழித்தார். பாசிப்பயறு கடைந்தேன், முட்டையை உடைத்து ரசத்தில் ஊற்றினேன், ராகிக் களி கிண்டினேன். நான் கெஞ்சுகிறேனே என்று இரண்டு வாய் வைப்பார். எனக்கு எள்ளளவும் அடங்காது. அத்தை கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்க ஆரம்பித்தது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் சொன்ன டைல்ஸ் கதை ராத்திரியெல்லாம் காதில் ஓடியது.

அந்த மூன்றாம் நாள் பிரணவ் வெளியூரில். நான் விடுப்புப் போட்டிருந்தேன். ஒரு வாடிக்கையாளரிடம் முந்தின நாள் கத்திவிட்டேன், மேலாளரே போய் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். சாதம், பருப்பு, கீரை எல்லாம் வைத்துத் தட்டை அத்தை முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"பொறகு உங்கறேன் கண்ணு." பிறகு உண்கிறாராம்.

"எப்ப அத்தை? நான் செத்த பொறகா?"

அவர் அரிவாள்மனையை மடக்கி வைத்தார்.

"உங்களுக்கு என்ன, பசி தெரியறதில்லை. சும்மா உக்காந்துக்கறீங்க. இங்க எனக்கு வயிறு பத்தி எரியுது. ஆபீசுல வேலை பாக்க முடியல, தூங்க முடியல. என்ன கோபம் எம்மேல? சொல்லிட்டாவது பட்டினி கெடங்க. நீங்க சாப்பிடாம என்னையக் கொல்றீங்க அத்தை."

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அத்தை தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"நான் உண்டா உனக்குப் பசி போகாது கண்ணு."

"ஏன் போகாது?"

"உனக்கு வாரது என்ற பசியில்ல. உங்க மாமாவோடது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பட்டினியில் ஏதோ உளறுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அன்னைக்கு மண்டபத்துல அந்த நர்ஸுப் புள்ள பொட்ட ஒட்டிப்போட்டு, காயற வரைக்கும் அசையாம உக்காருங்கன்னு சொல்லிட்டுப் போச்சில்ல? நீங்கெல்லாம் காபி குடிக்கப் போனீங்க. அப்ப நாங்க மாத்திக்கிட்டோம். என்றத அவரு ஒட்டிக்கிட்டார், அவரோடத நான் ஒட்டிக்கிட்டேன்."

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பொட்டு யார் கையில் ஒட்டியிருக்கிறதோ அவர் ரத்தத்தைத்தான் அது பார்க்கும். என்னோடு இணைத்த பொட்டு இத்தனை மாதமாகக் கோயமுத்தூரில் மாமாவின் கையில் இருந்திருக்கிறது. நான் சுமந்தது அவர் பசி. இந்த அம்மாவின் பசி மோனிஷா அக்காவிடம் போயிருக்கிறது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவருதான் நோகாம உரிச்சுக் குடுத்தார்."

"எதுக்கு அத்தை? எதுக்கு இந்தப் பைத்தியக்காரத்தனம்?"

"அவரு உண்டாரா இல்லையான்னு எனக்கு எப்படிக் கண்ணு தெரியும்?" அவர் ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டார். "போன்ல கேட்டா ஆச்சும்பார். சோத்தையே கண்ணுல பாக்காத அன்னைக்கும் ஆச்சுன்னுதான் சொல்லுவார், அவரு வாயி அப்படி. கல்யாணமான நாள்லருந்து அவருக்கு முந்தி நான் உண்டதில்ல. திடீர்னு ஆளுக்கொரு ஊர்ல கொண்டுபோய் உட்டுட்டீங்க. நான் எதப் பாத்துட்டு உக்கார்றது? உன்ற மூஞ்சியப் பாத்தாத் தெரியும். உனக்கு அடங்குச்சுன்னா அங்க அவரு உண்டுட்டார். பொறகு நான் உண்பேன்."

"என்ற மூஞ்சி என்ன கடிகாரமா அத்தை?"

கோபம்தான். பொய் சொல்வானேன், அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. மாசக்கணக்கில் இன்னொரு வீட்டு மனிதருக்காக இங்கே ஒருத்திக்குச் சமைத்துக் கொட்டியிருக்கிறேன். இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"முந்தியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மாத்திப்புடுவாங்க. அப்பறம் எனக்கு என்ன இருக்குது?" என்றவர் என் கையைப் பிடித்தார். "மூணு நாளா உனக்கு அடங்கவே இல்ல. அவரு என்னமோ பண்றார் கண்ணு. எனக்குப் பயமா இருக்குது. மோனிஷாவக் கூப்புடு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாக எரிகிறது என்றால் மூன்று நாளாக அந்த மனிதர் ஒன்றுமே சாப்பிடவில்லை. கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

மோனிஷா அக்கா அலுவலகத்தில் இருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். கேட்கிறீர்களா என்று இரண்டு தரம் கேட்டேன்.

"தாரணி," என்றார் கடைசியில், "நான் என்றத அணைச்சுட்டேன்."

"என்ன அணைச்சீங்க?"

"மணிய. இங்க ஒரு கடை இருக்கு, கேட்டா கமுக்கமா பண்ணிக் குடுப்பாங்க. ஆடி மாசமே பண்ணிட்டேன். நான் என்ன பண்ணட்டும்? மாமாவுக்குச் சாப்பாடு போடுவேன், நல்லாத்தான் சாப்பிடுவார், எனக்கு அடங்காது. இன்னும் பசி இருக்குதாட்ட இருக்குன்னு மறுபடி போடுவேன். ஒரு நாள் திணிச்சுத் திணிச்சு வாந்தி எடுத்துட்டார். அப்பவும் எனக்குப் பசிக்குது. மிஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். மாமாதான் நல்லா இருக்காரேன்னு அணைச்சுட்டேன்."

அவரைப் பழிக்க எனக்கு நாக்கு வரவில்லை. அவருக்கு அடங்காமல் எரிந்தது அத்தையின் பசி. மாமா சாப்பிடட்டும் என்று இங்கே அத்தை காத்திருந்த பசி. அத்தை காத்திருக்கக் காத்திருக்க அங்கே மோனிஷா அக்கா மாமாவுக்குத் திணித்திருக்கிறார். தாங்க முடியாமல் அணைத்துவிட்டார். அணைத்த பிறகு அந்த மனிதர் சாப்பிட்டாரா என்று கேட்க அந்த வீட்டில் ஒரு வயிறும் இல்லை.

"இப்ப யாரு அக்கா பாத்துக்கறாங்க?"

"ஹாட்பாக்ஸ்ல எடுத்து வெச்சுட்டு வருவேன். சாயந்தரம் பாத்தா தட்டு கழுவி இருக்கும். சாப்பிட்டீங்களா மாமான்னா ஆச்சும்மான்னுவார். குப்பைத் தொட்டியத் தொறந்து பாக்கணும்னு எனக்குத் தோணல தாரணி." அவர் அழுதார். "கிஷோர் ஆபீசு வீட்டுக்குப் பக்கம். இப்பவே போகச் சொல்றேன்."

அவர் வைத்ததும் மாமாவை முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பில் கூப்பிட்டேன். வெகு நேரம் கழித்து எடுத்தார். முகத்தைப் பார்த்ததும் அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சட்டைக் காலருக்குள் கழுத்து காணாமல் போயிருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஆனால் தலையை மட்டும் படிய வாரியிருந்தார்.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. வயிறு நெறைய ஆச்சு."

அவர் அதைச் சொன்ன நொடியில் என் வயிறு எரிந்துகொண்டிருந்தது. உலகத்தில் யாரை ஏமாற்றினாலும் என்னை அவர் ஏமாற்ற முடியாது.

"பொய் சொல்லாதீங்க மாமா. எனக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். குறும்பு பண்ணி மாட்டிக்கொண்ட சிரிப்பு. "சொல்லிப்போட்டாளா உங்க அத்தை? என்னம்மா பண்றது, எறங்க மாட்டேங்குது. எல்லாம் மண்ணாட்டம் இருக்குது. தனியா உக்காந்து எத்தன நேரம் மென்னுட்டே இருக்கறது?"

"நீங்க உண்ணாட்டி நானும் உங்கமாட்டேன்," என்றார் அத்தை என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"ஏ வளரு, நீ இன்னும் உங்கலையா?" சிரிப்பு போய்விட்டது. "கிறுக்கி. மணி என்னாகுது?"

"நீங்க உண்ணுங்க, பொறகு நான் உங்கறேன்."

"மோனிஷா போன் பண்ணுச்சு, கிஷோர் வாரானாம். வரட்டும், உங்கறேன். சத்தியமா உங்கறேன். நீ தட்டப் போட்டு உக்காரு."

"நாளைக்கு நாங்க அங்க வாரோம் மாமா," என்றேன். "நாளைக்கு என்ன, இப்பவே கிளம்பறோம். சாயந்தரம் அங்க இருப்போம். அப்பறம் ரெண்டு பேரும் இங்கயே இருங்க. காப்பீடும் வேண்டாம், பொட்டும் வேண்டாம்."

"ஆகட்டும்மா," என்றார் மாமா. ரொம்பக் களைத்திருந்தார். போனைச் சாய்த்து வைத்ததில் விட்டத்து விளக்குதான் தெரிந்தது, பிறகு அதுவும் அணைந்தது.

பையில் இரண்டு புடவையைத் திணித்தேன். பிரணவுக்குச் செய்தி அனுப்பினேன். அத்தை தட்டின் முன்னால் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை நான் திரும்பிக்கொள்ளவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்தேன். பசி அப்படியே இருந்தது, கிஷோர் இந்நேரம் லிஃப்டில் ஏறியிருப்பார், கதவைத் திறந்திருப்பார், சாதத்தைப் பிசைந்திருப்பார் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது அடங்கியது.

வழக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கும். இது ஒரேயடியாக அடங்கியது. வயிற்றில் எரிச்சலே இல்லை. மூச்சு அடிவயிறு வரை போய்வந்தது. எத்தனை மாதமாயிற்று இப்படி ஒரு நிம்மதி வந்து. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அடங்கிருச்சு அத்தை. மாமா சாப்பிட்டுட்டார். சுத்தமா அடங்கிருச்சு."

அத்தை என் முகத்தை இன்னும் ஒரு முறை உற்றுப் பார்த்தார். என் முகத்தில் பொய் இல்லை. அவர் தட்டை இழுத்துக்கொண்டார்.

மூன்று நாள் பட்டினி கிடந்தவர் சாப்பிடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பருப்பை ஊற்றிப் பிசைந்து, கீரையைச் சேர்த்து, உருட்டி உருட்டிச் சாப்பிட்டார். மெதுவாக, விக்காமல் இருக்க நடுவில் தண்ணீர் குடித்து. "கீரைக்கு உப்பு சரியா இருக்குது," என்றார். மாமா காய்க்கு உப்புக் கம்மி என்று எந்நாளும் சண்டை பிடிப்பாராம். கோபியில் இருந்தபோது ஒரு முறை அத்தை உப்பு ஜாடியையே தூக்கி அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாராம். சொல்லிச் சிரித்தார்.

என் போன் அடித்தது. கிஷோர். இதோ என்று எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

"தாரணி." அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "நான் இப்பத்தான் உள்ள வந்தேன். அப்பா நாற்காலில உக்காந்தபடியே இருக்கார். கூப்பிட்டேன். ஊட்டலாம்னு சாப்பாட்டப் பெசஞ்சு எடுத்துட்டு வந்து தொட்டேன். தாரணி, அப்பா எந்திரிக்க மாட்டேங்கறார்."

எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் முதலில் தெரிந்தது, கிஷோர் கதவைத் திறப்பதற்கும் முன்னால். சிரித்துக்கொண்டே நான்தான் அதை அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

"அம்மாகிட்ட நீ சொல்றியா?" என்றார் கிஷோர். "எனக்குத் தைரியம் இல்ல."

"சித்தெ பொறுங்க," என்று வைத்துவிட்டேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே தட்டில் விரல் உரசுகிற சத்தம் கேட்டது. இப்போது போய்ச் சொன்னால் அந்தக் கை அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு யார் எவ்வளவு கெஞ்சினாலும் அது மறுபடி தட்டுக்கு வராது. யார் முகத்தைப் பார்த்து அவர் உட்காருவார்?

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"யாரு கண்ணு, கிஷோரா?"

"ஆமாங்க அத்தை. வீட்டுக்கு வந்துட்டாராம்."

"நல்லதாப் போச்சு," என்றார். தட்டில் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. என்னைப் பார்க்காமல், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் சோறு போடு. மோரும் ஊத்து."

போட்டேன்.